நான் கண்ட திருவிழா: ஒரு கட்டுரைத் தலைப்பை மாற்றியபோது

மாசி மகம் முடிந்த மறுவாரம். ஏழாம் வகுப்புக்கு வழக்கமான கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தேன்: ‘நான் கண்ட திருவிழா’. முன்னுரை, திருவிழா தொடங்கிய விதம், கடைத்தெரு, பொழுதுபோக்கு, முடிவுரை எனக் குறிப்புச் சட்டகத்தையும் கரும்பலகையில் எழுதினேன். மறுநாள் முப்பத்தொரு நோட்டுகள் மேசைக்கு வந்தன. முப்பதில் ராட்டினம் சுற்றியது, பஞ்சு மிட்டாய் இனித்தது, பலூன் பறந்தது. எல்லாம் வழிகாட்டி நூலில் உள்ள அதே திருவிழா. சில பிள்ளைகள் அந்த நூலில் இருந்த ஊரின் பெயரைக்கூட மாற்றவில்லை.

முப்பத்தொன்றாவது நோட்டில் தலைப்பு மட்டும் இருந்தது. அதன் கீழே அடிக்கோடு. பிறகு வெற்றுத் தாள்.

“ஏம்மா எழுதல?” என்றேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “நான் திருவிழா பாக்கல டீச்சர். கடையில இருந்தேன்.”

அவளுடைய அம்மா திருவிழாக் காலத்தில் சந்நிதித் தெருப் பக்கம் மண் உண்டியல், அகல் விளக்கு, பொம்மை விற்பவர். பத்து நாளும் மாலையில் அவள் அம்மாவோடு கடையில்தான் இருந்திருக்கிறாள். வகுப்பிலேயே திருவிழாவுக்குள் அதிக நேரம் இருந்த பிள்ளை அவள். அவளிடம்தான் எழுத ஒன்றும் இல்லை! தவறு பிள்ளையிடம் இல்லை, தலைப்பில் இருக்கிறது என்று அன்று புரிந்தது. ‘கண்ட’ என்ற சொல் வேடிக்கை பார்க்க வந்தவரை மட்டுமே அழைக்கிறது. கடை போடுபவரை, வடம் பிடிப்பவரை, தெரு கூட்டுபவரை, அந்த விழாவில் கலந்துகொள்ளாத வீட்டுப் பிள்ளையை அது வெளியே நிறுத்திவிடுகிறது.

அடுத்த ஆண்டு மாசி வருவதற்குள் அந்த ஒரு கட்டுரையை ஐந்து நாள் பாடமாக மாற்றினேன். அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் உடன் நின்றார்கள். அந்தப் பாடத்தை, நடந்த வரிசையிலேயே இங்கே பகிர்கிறேன். தங்கள் ஊரில் தேர், சந்தனக்கூடு, கொடியேற்றம், மஞ்சுவிரட்டு என எது நடந்தாலும் இதே சட்டகத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

பாட அமைப்பு

வகுப்பு: 6 முதல் 8 வரை.
காலம்: ஐந்து நாள், நாளொன்றுக்கு ஒரு பாடவேளை. களிமண் பணிக்கு மட்டும் இரண்டு.
தேவை: ஊர் வரைபடம், நாள்காட்டி, பந்து, கைவிளக்கு, களிமண், அளவுகோல்.
கற்றல் விளைவுகள்: தான் நின்ற இடத்திலிருந்து கண்டதைச் சொந்தச் சொற்களில் எழுதுதல், திருவிழா நாளுக்கும் நிலவின் இயக்கத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குதல், ஒரு சமூகம் ஏன் கூடிக் கொண்டாடுகிறது என்பதற்குச் சான்றுடன் காரணம் கூறுதல், மண் சுடும்போது நிகழும் மாற்றத்தை அளந்து பதிவு செய்தல்.

முதல் நாள்: யார் எங்கே நின்றார்கள்?

ஊரின் பெயரிலிருந்து தொடங்கினோம். விருத்தம் என்றால் முதுமை, பழமை. அசலம் என்றால் மலை. தேவாரத்தில் இவ்வூர் திருமுதுகுன்றம். இறைவன் பெயர் பழமலைநாதர். வடமொழிப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒரே பொருளைச் சொல்வதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். ‘மலை எங்கே டீச்சர்?’ என்ற கேள்வியும் உடனே வந்தது. மலை தரைக்குள் அழுந்திவிட்டது என்று ஊர்க் கதை சொல்கிறது என்றேன். கதை, வரலாறு, நேரில் காண்பது என மூன்று பத்திகளைக் கரும்பலகையில் பிரித்து, ஒவ்வொரு செய்தியும் எந்தப் பத்தியில் சேரும் என்று கேட்டேன்.

இந்தப் பிரிப்பு மிகவும் பயன்பட்டது. செம்பியன் மாதேவியார் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில், இக்கோயில் கற்றளியாக எழுந்தது வரலாற்றுப் பத்தியில் சேர்ந்தது. ஐந்து கோபுரம், ஐந்து திருச்சுற்று, ஐந்து தேர் என எல்லாம் ஐந்தாக இருப்பது நேரில் எண்ணிப் பார்க்கும் பத்தியில். சுந்தரர் இங்கே பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது கதைப் பத்தியில். ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்று வீட்டில் பாட்டி திட்டுவதற்குப் பின்னால் தங்கள் ஊர் ஆறு இருக்கிறது என்று தெரிந்ததும் வகுப்பே சிரித்தது.

செயல்பாடு 1: கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தோம். ‘திருவிழா அன்று நீயோ உன் வீட்டாரோ எங்கே நின்றீர்கள்? அந்த இடத்தில் போய் நில்’ என்றேன். சிலர் தேர் வடத்தருகே நின்றார்கள். சிலர் மணிமுத்தாற்றின் படித்துறையில். மாசி மகத்தன்று முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்த வீட்டார் அவர்கள். ஒருவன் பேருந்து நிலையத்துக்குப் போனான். அவன் அப்பா நடத்துநர். ஒருத்தி மருத்துவமனையில் நின்றாள். அவள் அம்மா செவிலியர். இரண்டு பேர் கோட்டுக்கு வெளியே நின்றார்கள். ஒருவன், “எங்க வீட்ல போகமாட்டோம் டீச்சர், நாங்க சர்ச்” என்றான். இன்னொருவன், “எங்க தெருவுக்குத் தேர் வராது. ஏன் டீச்சர் வராது?” என்றான்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்த்து ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு விடைகளைச் சேர்த்தே சொன்னேன். தேர் பல டன் எடையுள்ளது. அது திரும்பவும் நிற்கவும் அகலமான தெரு வேண்டும். அதற்காகவே கோயிலைச் சுற்றித் தேரோடும் வீதிகள் அமைந்தன. இது ஒரு விடை. பல ஊர்களில் சில தெரு மக்களைச் சாதியின் பெயரால் விழாவிலிருந்தும் வடத்திலிருந்தும் விலக்கி வைத்த வரலாறும் உண்டு. அதைத் தவறு என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம், 17ஆம் பிரிவுகள் சொல்கின்றன. இது மற்றொரு விடை. முதல் விடையை மட்டும் சொல்லி நிறுத்தினால், கேட்ட பிள்ளைக்கு நாம் எதையோ மறைக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

கோட்டுக்கு வெளியே நின்ற இருவரையும் உள்ளே இழுக்கவில்லை. ‘நீங்கள் நிற்கும் இடமும் வரைபடத்தில் வேண்டும்’ என்று கோட்டைப் பெரிதாக்கினோம்.

இரண்டாம் நாள்: நிலவு போட்ட நாள்காட்டி

‘மாசி மகம் ஏன் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வருகிறது?’ இந்த வினாவை அறிவியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தேன்.

ஒரு மாணவன் கையில் விளக்கு; அவன் சூரியன். நடுவில் ஒருத்தி; அவள் பூமி. பந்தோடு சுற்றுபவன் நிலவு. மாசி மாதத்தில் சூரியன் கும்ப ராசியில் இருப்பதாகக் கணக்கு. முழுநிலவு சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். கும்பத்துக்கு எதிரே இருப்பது சிம்மம். சிம்மத்தில் பளிச்சென்று தெரியும் விண்மீன்தான் மகம். ஆகவே மாசி மாத முழுநிலவு மகத்தை ஒட்டி வருகிறது. மாலையில் சூரியன் மேற்கே மறையும்போது கிழக்கே எழும் நிலவின் பக்கத்தில் அந்த விண்மீனை வெறுங்கண்ணால் காணலாம். வீட்டுப்பாடமாக அதையே கொடுத்தோம்.

அடுத்து ஒரு கணக்கு. வானத்தை 27 நட்சத்திரப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நிலவு அவற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27.3 நாள் ஆகிறது. ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவுக்கோ ஏறத்தாழ 29.5 நாள். வேறுபாடு 2.2 நாள். நிலவு ஒரு நாளைக்கு ஒரு நட்சத்திரம் நகர்கிறது என்று கொண்டால், அடுத்த மாத முழுநிலவு இரண்டு நட்சத்திரம் தள்ளி வரவேண்டும். வருகிறதா?

பிள்ளைகள் நட்சத்திரப் பட்டியலை வைத்து எண்ணினார்கள். தைப்பூசம். பூசத்திலிருந்து இரண்டு தள்ளினால் மகம்: மாசி மகம். மகத்திலிருந்து இரண்டு தள்ளினால் உத்திரம்: பங்குனி உத்திரம். அதிலிருந்து இரண்டு தள்ளினால் சித்திரை: சித்திரா பௌர்ணமி. மேலும் இரண்டு தள்ளினால் விசாகம்: வைகாசி விசாகம்! பட்டியல் முடிவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவன், ‘கார்த்திகையிலேர்ந்து திருவாதிரைக்கு மூணு வருது டீச்சர்’ என்று மடக்கினான். சரியான மடக்கு. 27 நட்சத்திரங்களை 12 மாதங்களுக்குப் பங்கிட்டால் 2.25 வருகிறது. அந்தக் கால் பங்கு சேர்ந்து சேர்ந்து ஒரு மாதத்தில் மூன்றாகிறது. தசமப் பின்னத்தை இதைவிடச் சுவையாக நான் கற்பித்ததில்லை.

தேவாலயத்துக்குப் போகும் மாணவனுக்கு ஒரு கேள்வி வைத்திருந்தேன்: ‘ஈஸ்டர் ஏன் தேதி மாறுகிறது?’ அதற்கும் விடை நிலவுதான். மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதற்கு 46 நாள் முன்பு சாம்பல் புதன். 2024ஐ எடுத்துக்கொண்டோம்: சாம்பல் புதன் பிப்ரவரி 14, மாசி மகம் பிப்ரவரி 24, ஈஸ்டர் மார்ச் 31. முதல் நாள் கோட்டுக்கு வெளியே நின்றவன் அன்று கரும்பலகைக்கு வந்து நாள்களை எண்ணிக் காட்டினான். ரமலான் பிறையையும் அதே நாள்காட்டியில் குறித்தோம்.

மூன்றாம் நாள்: ஆற்றோடு கடலுக்கு

சமூக அறிவியல் ஆசிரியர் கடலூர் மாவட்ட வரைபடத்தைத் தொங்கவிட்டார். கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. ‘கூடல்’, ‘ஆறு’ என்று ஊர்ப் பெயரிலேயே புவியியல் இருப்பதைப் பிள்ளைகள் பிரித்துப் பார்த்தார்கள்.

மாசி மகத்தன்று தெய்வங்கள் நீராடப் போவதைத் தீர்த்தவாரி என்கிறோம். பழமலைநாதருக்கு மணிமுத்தாறு. நமக்குத் தென்கிழக்கே இருக்கும் ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கடலுக்கே போகிறார். ஊர் ஊராக நின்று, சிதம்பரத்துக்குக் கிழக்கே கிள்ளைக்குச் சென்று, முழுக்குத்துறைக் கடற்கரையில் தீர்த்தவாரி. வழியில் கிள்ளை தைக்காலில் இருக்கும் தர்காவின் முன் பெருமாள் நிற்க, அங்குள்ள இஸ்லாமியர்கள் மாலையும் பட்டும் தந்து வரவேற்கிறார்கள். கோயில் தரப்பும் பதில் மரியாதை செய்கிறது. நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம் இது. ‘மத நல்லிணக்கம்’ என்ற சொல்லைப் பாடநூலில் மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு, அது பேருந்தில் போய்ப் பார்த்து வரக்கூடிய தூரத்தில் நடக்கிறது என்பதே செய்தியாக இருந்தது.

கிள்ளைக்குப் பக்கத்தில் பிச்சாவரம். உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டுகள். இங்கே தமிழ் வகுப்பு சற்று நேரம் எடுத்துக்கொண்டது. நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலத்துக்கு நம் மொழியில் எத்தனை பெயர்! கடலில் இருந்தால் தீவு. ஆற்றின் நடுவே இருந்தால் ஆற்றிடைக்குறை, துருத்தி, அரங்கம். சிறியதாய், மேடாய் இருந்தால் திட்டு. திருவரங்கம், திருப்பூந்துருத்தி போன்ற ஊர்ப் பெயர்களை வைத்து, அவை எங்கே இருக்கக்கூடும் என்று ஊகிக்கச் சொன்னேன்.

அந்தத் திட்டுகளில் ஒன்றுதான் எம்.ஜி.ஆர். திட்டு. மீனவர் குடியிருப்பாக இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தத் திட்டை வாரிக்கொண்டது. பல உயிர்கள் போயின. எஞ்சியவர்கள் கரைப்பக்கம் குடியேறினார்கள். நம் மாணவர்கள் அதற்குப் பின் பிறந்தவர்கள். ‘ஊரே இடம் மாறிவிட்டால் அந்த ஊர்த் திருவிழா என்னவாகும்?’ என்று கேட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தேன். ‘சாமியத் தூக்கிட்டுப் போவாங்க’ என்றான் ஒருவன். ‘சாமி போயிரும். தெரு வராதே’ என்றாள் இன்னொருத்தி. அந்த இரண்டு விடைகளையும் திருத்தாமல் கரும்பலகையில் எழுதி வைத்தேன்.

நான்காம் நாள்: ஒரு சிறு தீவின் கொண்டாட்டம்

இப்போது வரைபடத்தின் மேற்குக் கரைக்குப் போனோம். கோவாவில் மாண்டோவி ஆற்றின் நடுவே திவார் என்றொரு தீவு. பழைய கோவாவிலிருந்து படகேறித்தான் போகவேண்டும். வயலும் சிற்றூர்களும் கொண்ட சிறிய இடம். ‘இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?’ என்றதும், ‘துருத்தி!’ என்று வகுப்பே கூவியது.

இத்தீவில் இரண்டு கொண்டாட்டங்கள் உண்டு. ஒன்று, சாம்பல் புதனுக்கு முந்தைய மூன்று நாள்கள் நடக்கும் ‘பொத்தேகார்’. இளைஞர்கள் முகமூடியும் பழந்துணியும் அணிந்து, மணி கட்டிக்கொண்டு, தெருத்தெருவாய் ஓடிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். யார் எந்த முகமூடிக்குள் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. தவக்காலம் தொடங்குவதற்கு முன் உண்டு களித்துவிடும் ‘கார்னிவல்’ என்னும் வழக்கம் போர்ச்சுக்கீசியரோடு கோவாவுக்கு வந்தது. அந்தத் தீவு அதைத் தன் போக்கில் ஆடுகிறது. நம் வெள்ளாற்று முகத்துவாரத்து ஊரின் பெயர் பரங்கிப்பேட்டை. ‘பரங்கி’ என்று நம்மவர் அழைத்ததும் முதலில் அதே போர்ச்சுக்கீசியரைத்தான் என்றதும், கோவா திடீரெனப் பக்கத்தில் வந்துவிட்டது.

மற்றொன்று ஆகஸ்ட் மாதத்தின் நான்காம் சனிக்கிழமை நடக்கும் ‘போந்தேரம்’, கொடித் திருவிழா. கொடியைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர். அத்தீவின் ஊர்ப் பகுதிகளுக்கு இடையே எல்லைத் தகராறு இருந்ததாம். ஆட்சியாளர்கள் எல்லை காட்டக் கொடிகளை நட்டார்கள். ஊரார் அவற்றை அடித்து வீழ்த்தினார்கள். இன்று அந்தச் சண்டை விளையாட்டாகிவிட்டது. ஒவ்வொரு பகுதியும் கொடி ஏந்தி ஊர்வலம் வருகிறது. மூங்கில் குழாயில் சிறு காய்களை வைத்து அடிக்கும் பொம்மைத் துப்பாக்கியால் பொய்ச் சண்டை நடக்கிறது. பிறகு ஒன்றாக உண்கிறார்கள்.

செயல்பாடு 2: குழுவாக அமர்ந்து மூன்று வினாக்களுக்கு விடை தேடினார்கள்.

1. சிறிய ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அப்படியிருக்க, முகமூடி எதற்கு?
2. உண்மைச் சண்டை விளையாட்டாக மாறுவதற்கு என்ன நடந்திருக்க வேண்டும்?
3. நம் ஊர் விழாக்களில் முன்பு சண்டையாக இருந்து, இப்போது விளையாட்டாக மாறியது ஏதாவது உண்டா? விளையாட்டாக மாறாமல் இன்னும் சண்டையாகவே இருப்பது உண்டா?

மூன்றாம் வினாவுக்கு விடை கண்டுபிடிக்க வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். வந்த விடைகளை வகுப்பில் பெயர் சொல்லாமல் பேசினோம். முதல் மரியாதை, மேளம், எந்தத் தெரு முதலில் என்பன போன்றவை எல்லாம் வந்தன. ஒரு தாத்தா, ‘சண்டைக்காரனும் வடத்தைப் பிடிச்சாத்தான் தேர் நகரும்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். முதல் வினாவுக்கு ஒரு மாணவி தந்த விடை எனக்குப் பிடித்தது: ‘தெரிஞ்சவங்கள ஒரு நாளாவது தெரியாத மாதிரி பாக்கலாம்.’

ஒப்பீட்டை இத்தோடு நிறுத்திக்கொண்டோம். இரு விழாக்களும் ஒன்றே என்ற முடிவுக்குப் பிள்ளைகளைத் தள்ளவில்லை. ஒன்று வழிபாடு, மற்றொன்று களியாட்டம். இரண்டிலும் ஊர் தன்னைத்தானே ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்கிறது. அந்த அளவுக்குத்தான் ஒப்புமை.

ஐந்தாம் நாள்: மண் பேசும் வகுப்பு

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் சந்திப்பும் கோயிலும் நினைவுக்கு வரும். நமக்கு ‘செராமிக்’. இங்கே பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் செராமிக் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. மின்கம்பத்துப் பீங்கான் முதல் கொலு பொம்மை, அகல் விளக்கு வரை செய்கிறார்கள். அருகிலுள்ள நெய்வேலியில் வெண்களிமண் கிடைப்பது இத்தொழிலுக்குத் துணை. திருவிழாக் கடையில் இருக்கும் மண் உண்டியலும் பீங்கான் பொம்மையும் ஒரே குடும்பத்தின் இரு பிள்ளைகள். மண்பாண்டம் ஏறத்தாழ 700 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில் வேகிறது. வெண்களிமண்ணோடு ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் சேர்த்த பீங்கானுக்கு 1,200 டிகிரிக்கு மேல் வேண்டும்.

அன்று பாடம் நடத்தியது நான் அல்ல. முந்தைய ஆண்டு வெற்றுத் தாள் கொடுத்தவளின் அம்மாவை அழைத்திருந்தோம். இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் அவளும் உதவியாளராக உடன் வந்தாள். தலைமையாசிரியர் அந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டார். அவரோ தரையில்தான் கை வேலை செய்யும் என்று அமர்ந்துகொண்டார்.

செயல்பாடு 3 (சுருக்க அளவு): பிசைந்த களிமண்ணை விரல் தடிமன் பட்டையாகத் தட்டி, அதில் சரியாக 10 செ.மீ. நீளத்துக்குக் கோடு கீறவேண்டும். நிழலில் உலர்ந்த பின் ஒருமுறை, சூளையிலிருந்து வந்த பின் ஒருமுறை கோட்டை அளக்கவேண்டும். கோடு குறுகியிருக்கும். எத்தனை விழுக்காடு? ‘அகல் இந்த அளவுக்கு வேணும்னா, செய்யும்போது எவ்வளவு பெருசாச் செய்யணும்?’ என்று அந்த அம்மா கேட்டார். விழுக்காட்டுக் கணக்கைத் தலைகீழாகப் போடவேண்டிய கேள்வி அது. அவர் அதைக் கைக்கணக்காகவே போடுகிறார்.

செயல்பாடு 4 (திரும்ப முடியாத மாற்றம்): வெயிலில் காய்ந்த அகல் ஒன்றையும் சுட்ட அகல் ஒன்றையும் நீரில் இடவேண்டும். முதலாவது சிறிது நேரத்தில் கரைந்து சேறாகும். இரண்டாவது அப்படியே இருக்கும். சூளையில் ஏறத்தாழ 500, 600 டிகிரியில் களிமண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறிவிடுகிறது. அதன் பின் அது மீண்டும் சேறாகாது.

செயல்பாடு 5 (உள்ளீடற்ற பொம்மை): பொம்மை ஏன் உள்ளே வெற்றாக இருக்கிறது? கூழாகக் கரைத்த மண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் மண் தோல் போலப் படியும். மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுவார்கள். கனமான கட்டி மண்ணாக இருந்தால் உள்ளே மிஞ்சும் ஈரம் ஆவியாகிச் சூளையில் வெடித்துவிடும். அச்சு ஒன்றைக் கையில் கொடுத்து எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னோம்.

பாதுகாப்பு: சூளைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம், செய்தவற்றை நாமே கொடுத்து வாங்கலாம். காய்ந்த மண்தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. எனவே வகுப்பறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். மண் தொழிலில் உள்ளவர்களுக்கு இது அன்றாட ஆபத்து என்பதையும் பாடமாகவே சொன்னோம்.

எழுதுதலும் மதிப்பிடுதலும்

இப்போது கட்டுரை. தலைப்பு: ‘நான் நின்ற திருவிழா’. குறிப்புச் சட்டகம் இல்லை. நான்கு வினாக்கள் மட்டும்: நீ எங்கே நின்றாய்? அங்கிருந்து என்ன தெரிந்தது? என்ன தெரியவில்லை? விழா முடிந்த மறுநாள் அந்த இடம் எப்படி இருந்தது?

மதிப்பீட்டுக்கு எளிய அளவுகோல் வைத்துக்கொண்டேன். வேறு யாரும் எழுத முடியாத ஒரு செய்தியாவது இருக்கிறதா என்பதற்கு 4 மதிப்பெண். பார்த்தது, கேட்டது, பிறர் சொன்னது ஆகியவற்றைப் பிரித்துச் சொல்வதற்கு 3. வாக்கிய அமைப்புக்கும் பிழையின்மைக்கும் 3. விழாவுக்குப் போகாத பிள்ளை, போகாமல் இருந்த இடத்திலிருந்தே எழுதலாம். அதற்கு ஒரு மதிப்பெண்ணும் குறையாது.

ஆசிரியர் கவனத்துக்கு

இந்தப் பாடத்தில் நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்லிவிடுவது நல்லது.

முதலாவது, வழிபாட்டைக் கற்பிப்பதும் வழிபாட்டைப் பற்றிக் கற்பிப்பதும் வேறு. அரசுப் பள்ளியில் நம் வேலை இரண்டாவதுதான். எந்தப் பிள்ளையும் ஒரு சடங்கைச் செய்து காட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, கடையில் நின்ற பிள்ளையைப் பாராட்டும் உற்சாகத்தில் குழந்தை உழைப்பை அழகாக்கிவிடக் கூடாது. 14 வயதுக்குட்பட்ட குழந்தை பள்ளி நேரம் போகவே குடும்பத் தொழிலில் உதவலாம், அதுவும் ஆபத்தில்லாத பணியில்தான் என்று 2016இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. அந்த அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசினோம். தேர் அன்றைக்கு மட்டும் பெரியம்மா கடைக்கு வருவார், பிள்ளை பள்ளிக்கு வருவாள் என்று அவரே வழி சொன்னார். முந்தைய ஆண்டுகளில் அவள் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறித்துவிட்டு, ஏன் வரவில்லை என்று நான் ஒருமுறையும் கேட்டதில்லை. அது என் குறை.

மூன்றாவது, வீட்டுத் தொழிலைக் கேட்கும்போது சாதி தானாகவே வெளிப்படும். எழுதுவதா வேண்டாமா, வகுப்பில் படிப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். சுவரில் ஒட்டும் முன் கேளுங்கள்.

மீண்டும் அந்த நோட்டு

எட்டாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும், தானும் எழுதட்டுமா என்று கேட்டாள். எழுதினாள். அவள் அனுமதியோடு சில வரிகள்:

“நான் தேரைப் பார்த்ததில்லை. எங்கள் கடைக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்கள். எனக்கு முதுகுதான் தெரியும். தேர் வருவது சத்தத்தில் தெரியும். அப்போது நானும் அம்மாவும் அகல் மேல் சாக்கு போட்டு மூடுவோம். கூட்டம் பின்னால் வந்தால் மிதித்துவிடும். முதுகுகளுக்கு மேலே தேரின் குடை மட்டும் ஆடிக்கொண்டு போகும். அது போன பிறகு எல்லாரும் திரும்புவார்கள். அப்போதுதான் எங்களுக்கு முகம் தெரியும். அப்போதுதான் வியாபாரம். மறுநாள் உடைந்ததை எண்ணினோம். ஏழு அகல், ஒரு யானை. உடைந்ததை அம்மா தூக்கிப் போடவில்லை. பொடித்து மண்ணோடு சேர்த்தால் அடுத்த பானை விரியாது என்று சொன்னாள்.”

சுட்ட ஓட்டுத் தூளைப் புதுமண்ணில் கலந்தால் சுருக்கமும் விரிசலும் குறையும் என்பது பீங்கான் தொழில்நுட்பப் பாடத்தில் இருக்கும் செய்தி. என் பாடக்குறிப்பில் அது இல்லை. அவள் கட்டுரையிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்டேன். வழிகாட்டி நூலில் இருக்கும் திருவிழாவைத் திருத்த எனக்கு ஒரு மணி நேரம் போதும். இந்த நோட்டுகளைப் படிக்க மூன்று மாலைகள் ஆயின.

தங்கள் பள்ளியிலும் அடுத்த திருவிழாவுக்குப் பின் இந்தத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். யாராவது ஒரு பிள்ளை வெற்றுத் தாள் கொடுத்தால், அவர் எங்கே நின்றார் என்று கேளுங்கள்.